கொட்டகைப் பூட்டு

டோர்லைவ் கறுப்பு டையை மூன்றாவது முறையாகக் கட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ஸ்தவாங்கரிலிருந்து டாக்டரம்மா. மகள் சிக்ருனை அடக்கம் செய்ய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"ரத்தப் பரிசோதனை முடிவு வந்துருச்சு. அப்புறமா கூப்பிடட்டுமா?"

"நாப்பத்தொரு வருசம் கழிச்சு வர்றீங்க. இதுல அப்புறம் வேறயா? சொல்லுங்க."

சிக்ருனின் மூளையில் மடிப்புகள் சரியாக விழவில்லை. வலிப்பும் சக்கர நாற்காலியுமாகக் கிடந்தவளுக்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பாதிரியார் கடவுளின் சித்தம் என்றார். அதைச் சொல்ல ஒரு படிப்பு, ஒரு அங்கி! டாக்டர்கள் தெரியாது என்பதையே நாலு பக்கத்துக்கு எழுதித் தந்தார்கள். டோர்லைவுக்கு மட்டும் தெரியும். மனைவி போர்கில்ட் நாலு மாதக் கர்ப்பமாக இருந்தபோது, வேண்டாம் என்று அவர் சொல்லியும், ஈன முடியாமல் கத்திய ஆட்டுக்காகக் கொட்டகைக்குள் போனாள். செத்த குட்டியைக் கையாலேயே இழுத்துப் போட்டாள். அதிலிருந்து ஒட்டிய நோய்தான், வேறென்ன? குழந்தையின் நிலை தெரிந்த அன்றே, இனி அவள் உள்ளே போகக்கூடாதென்று கொட்டகைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார்; ஆடுகளுக்குத் தீனி வைக்க அவர் மட்டுமே திறந்தார். ஆறு வருடம் முன்பு சாகும்வரை அவள் சாவியைக் கேட்கவில்லை.

பரிசோதனைக்குத் தன் ரத்தத்தைக் கொடுத்ததுகூட, ஆட்டு நோய்தான் காரணம் என்று எழுத்தில் வாங்கத்தான்.

"இது ஒட்டுன நோயில்ல. மரபணுக் கோளாறு. உங்க ரத்தத்துலயும் அது லேசா இருக்கு. உங்க வழியாத்தான் போயிருக்கு."

"நான் நல்லாத்தானே நடமாடுறேன்!"

"லேசா இருந்தா வெளிய தெரியாது. யார் தப்பும் இல்லங்க."

கோணல் குட்டி பிறந்தால் முதலில் கிடாயை விரட்டு என்று யேரன் வட்டாரம் முழுக்கச் சொல்லித் திரிந்தவர் அவர்.

அடக்கம் முடிந்து, சபைக் கூடத்தில் எல்லாரும் காபியோடு ரொட்டியை மென்றார்கள். சாவு என்றால் இந்த ஊருக்கு இரட்டைப் பசி. பக்கத்துப் பண்ணை ஆஸ்பியோர்ன் வாய் நிறையக் கேக்கோடு ஆரம்பித்தான்.

"அன்னிக்குப் போர்கில்ட் மட்டும் கொட்டகைக்குள்ள போகாம இருந்திருந்தா..."

"வாய மூடிட்டுத் தின்னுடா."

"என்னப்பா, நீதானே சொல்லுவ?"

"நான் ஆயிரம் சொல்லுவேன். கேக்கைத் தின்னு."

போர்கில்டின் தங்கை மால்ஃப்ரிட் கோப்பையைக் கீழே வைத்தாள். இந்தப் பேச்சை அக்காவின் அடக்கத்தன்றும் கேட்டவள். அவர் ரத்தம் கொடுத்திருந்ததும் அவளுக்குத் தெரியும்.

"டாக்டர் என்ன சொன்னாங்க, டோர்லைவ்?"

அவர் எழுந்து கோட்டை எடுத்தார்.

அவள் காரில் பின்னாலேயே பண்ணைக்கு வந்தபோது, அவர் அதே கறுப்பு உடுப்போடு கொட்டகைக் கதவருகே நின்று, கடப்பாரையால் பூட்டுத் தகட்டை நெம்பிக்கொண்டிருந்தார். மழை முதுகில் விழுந்தது.

"சாவி உன் பையிலதானே இருக்கு?"

"இருக்கு."

மறுபடி நெம்பினார். தகடு பூட்டோடு பிய்ந்து சேற்றில் விழுந்தது. அது இருந்த இடத்தில் மட்டும் பழைய சிவப்புச் சாயம் வெளுக்காமல் அப்படியே இருந்தது. உள்ளே ஆடுகள் தீனி என்று நினைத்துக் கத்தின.