நெட்டுக்கு அந்தப் பக்கம்

1996இல் துடியலூர்ப் பக்கம் எங்கள் மில்லை மூடியதும், அதன் வாலிபால் டீமும் கலைந்தது. கோச் வரதராஜுலு மட்டும் விடுவாரா? வீட்டை விற்றுப் பையன்களை டோர்னமென்டுக்குக் கூட்டிப்போனார். வீடு போனதுதான் மிச்சம். பையன்களும் பிழைப்புக்குத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். இவர் தினமும் மில் கிரவுண்டில் கிழிந்த நெட்டைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அவர் மனைவி பத்மாவதி சூலூர்த் தறிப்பட்டறையில் அவருக்கு வாட்ச்மேன் வேலையும் தங்க ஒரு ரூமும் கேட்டு வாங்கியிருந்தாள். அன்று சாயங்காலத்துக்குள் போகாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள். அவரைக் கூப்பிடப் போனவள், பழைய பக்கத்து வீட்டுக்காரி என்று என்னையும் துணைக்கு இழுத்துப்போனாள்.

கிரவுண்டில் அவர் தனியாகத்தான் நின்றார். சர்வீஸ் போட்டார். பந்து நெட்டைத் தாண்டிப் போனது, பாருங்கள், திரும்பியும் வந்தது. அந்தப் பக்கம் ஆளே இல்லை. யாரோ ஓடுகிற மாதிரி புழுதி மட்டும் கிளம்பியது. நான் பத்மாவதியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பத்மா, உனக்குப் பயமா இல்லியா?"

"தெனமும் பாக்கறதுதானுங்க்கா. டீம் பையங்க இவரை வுட மாட்டீங்கறாங்க." அவரைப் பார்த்து, "ஏனுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க," என்றாள்.

"பையங்ககிட்டச் சொல்லாம எப்படி வாரது அம்மணி?"

"சொல்லிப்போட்டு வாங்க. சோத்துக்கு வழி பண்ண வேண்டாமுங்களா?"

அவர் நெட்டருகே போனார். "கண்ணுகளா, எனக்கு வேலை கெடச்சிருக்குது. போயிட்டு வாரேன்," என்று பந்தை மெல்லத் தூக்கிப் போட்டார்.

அது கீழே விழுந்த சத்தமே கேட்கவில்லை. நான் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். பந்து எங்கேயும் இல்லை.

"புடிச்சுக்கிட்டாங்க," என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார் வரதராஜுலு.