ஏழாவது கிளை

1

இந்தக் கதை ஒரு சொல்லிலிருந்து பிறந்தது என்று சொன்னால் பொய். எட்னா கேட்டாள், எழுதுகிறேன். அவள், இங்கிலாந்தில் எங்கள் மோர்காம்ப் விரிகுடாவின் புதைமணலில் சிக்கிச் செத்துப்போன வில்ஃபின் மனைவி.

"அவரைப் பத்தி நாலு வரி எழுதேன், ஏமஸ். நல்லதா எழுது."

நல்லதாக எழுத எனக்குக் கிடைத்தது புதைமணலுக்கு ஆங்கிலத்தில் உள்ள குவிக்சேண்ட் என்ற சொல்தான். முன்பாதிக்கு இன்று விரைவு என்று பொருள். பழைய ஆங்கிலத்தில் உயிருள்ளது என்று பொருள். மிதித்தால் நெளிகிற மணலுக்கு எவனோ அப்படிப் பெயர் வைத்துவிட்டான். அகராதியில் இதைப் பார்த்ததும் அப்பாடா என்றிருந்தது. உயிருள்ளதன் மேல் பழி போடலாம் அல்லவா?

2

முதல் தொடக்கம்: அன்று மணலுக்குப் பசி

(சீ! மணலுக்கு ஏது பசி?)

இரண்டாவது: மட்டி அள்ளப் போகும் நாங்கள் கெட்டியான வழி நெடுகக் கிளைகளை நட்டு வைப்போம். விரிகுடாவுக்குள் ஓடும் ஆறு தடம் மாறினால் மணலும் மாறும். பழைய வழிக் கிளைகளைப் பிடுங்கிப் புது வழியில் நட வேண்டும். மூடுபனியில் அவற்றைப் பார்த்துத்தான் நடப்போம்.

அன்று பிடுங்க வேண்டியவை ஏழு. என் முறை.

"எல்லாத்தையும் பிடுங்கிட்டியாடா?" என்றான் வில்ஃப்.

"ஆச்சுப்பா. வேணும்னா நீயே போய் எண்ணிட்டு வா."

"உன்னை நம்புறதுக்கு நண்டை நம்பலாம்" என்று சிரித்தான். ஆனால் நம்பினான்.

ஆறுதான் பிடுங்கியிருந்தேன். கை விறைத்துவிட்டது. (இதைவிட நல்ல காரணம் ஒன்றை மூன்று நாளாகத் தேடினேன். இல்லை.)

3

மறுநாள் மூடுபனி. நான் பிடுங்காமல் விட்ட அந்த ஒரு கிளையைப் பார்த்து வில்ஃப் நடந்திருக்கிறான். இடுப்புவரை புதைந்தவன் மேல் கடல் ஏறிவிட்டது.

நீர் வடிந்ததும் அவனிடம் முதலில் போய்ச் சேர்ந்தவன் நான். மற்றவர்கள் வருவதற்குள், அப்போதுதான் ஏழாவது கிளையைப் பிடுங்கினேன்.

"அவனுக்கு எப்பவும் அவசரம். மண்ணைப் பாக்காம நடந்துட்டான்" என்றது ஊர். பதினோரு வருடமாக எட்னா அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"சீக்கிரம் வாங்கன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன், ஏமஸ். வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்."

என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

4

ஒரு முடிவு: உண்மையைச் சொல்கிறேன், அவள் கதவைச் சாத்துகிறாள். இன்னொன்று: மணலுக்கு உயிர் உண்டு என்று வாசிக்கிறேன், அவள் அழுதுவிட்டு எனக்கு டீ போடுகிறாள்.

எட்னாவுக்குக் கண் மங்கிவிட்டது. நாளை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். ஆறுதான் பிடுங்கினேன் என்ற வரியையும் மூன்றாம் பகுதியையும் தாண்டிவிட்டால் அவளுக்குத் தெரியப்போவதில்லை. என்னை எனக்குத் தெரியும், தாண்டிவிடுவேன்.

நீங்கள்தான் முழுதும் படித்துவிட்டீர்களே. தேவாலயத்துக்கு எதிர்வீடு, பச்சைக் கதவு. வில்ஃப் அவசரப்படவில்லை என்று அவளிடம் போய்ச் சொல்லுங்கள்.