அண்ணன் குறைத்துச் சொன்ன மணிநேரம்

ஒழுங்காகத் துடிக்கும் இதயத்தின் விலை நாலாயிரத்து அறுநூறு. படுக்கைக்குத் தனி. மருத்துவமனைப் பணம் கட்டும் இடத்தில் இதைச் சொன்னதும், சக்கர நாற்காலியில் இருந்த என் அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "ரொக்கமா குடுத்தா எவ்வளவு?"

நாங்கள் பழைய ஜெனரேட்டர் வாங்கி விற்பவர்கள். ஸ்க்ரூடிரைவர் நுனியை இயந்திரத்தின்மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டால் போதும். எந்த பேரிங் போயிருக்கிறது என்று அண்ணன் சொல்லிவிடுவார். ஆனால் விலையைத் தீர்மானிப்பது காது அல்ல, இயந்திரம் இதுவரை எத்தனை மணிநேரம் ஓடியிருக்கிறது என்பது. அதைக் காட்ட ஒரு மீட்டர் உண்டு. எங்கள் கடைக்குள் வந்ததும் அந்த மீட்டருக்குக் கொஞ்சம் இளமை திரும்பிவிடும். இதற்கு மேல் எழுதினால் பழைய வாடிக்கையாளர்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

டாக்டருக்கு அண்ணன் வயதில் பாதிகூட இருக்காது. ஈ.சி.ஜி. தாளை நீட்டிக் காட்டினார்.

"இதயத்தோட மேல் அறை துடிக்கல, நடுங்குது. அதனாலதான் நாடி தாறுமாறா ஓடுது."

"டைமிங் அவுட்டுங்கிறீங்க" என்றார் அண்ணன்.

"அதேதான். மருந்தை நரம்புல ஏத்தினா பெரும்பாலும் பழைய தாளத்துக்கு வந்துடும். ஆனா ஆரம்பிச்சு நாற்பத்தெட்டு மணிநேரம் தாண்டியிருந்தா இன்னிக்கு ஏத்த முடியாது. நடுங்குற அறையில ரத்தம் உறைஞ்சு கட்டியாகியிருக்கலாம். தாளம் சரியானதும் அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போயிடும். அப்புறம் கையும் விழும், பேச்சும் போகும். அதனால சரியா சொல்லுங்க, எத்தனை மணிநேரமா இப்படி ஓடுது?"

அந்தக் கேள்வியை மட்டும் அவர் வேறு மாதிரி கேட்டிருக்கலாம். அண்ணன் முகத்தில் கடைக்களை வந்துவிட்டது.

"நேத்து ராத்திரி பத்து மணியிலிருந்து. மொத்தமே பன்னெண்டு மணிநேரம். சிங்கிள் ஓனர்."

பழக்கம் பாதி, அவசரம் பாதி. மறுநாள் வெள்ளிக்கிழமை, மூடப்போகும் ஒரு தொழிற்சாலை பன்னிரண்டு ஜெனரேட்டர்களை ஒரே கையாக விற்கப்போகிறது. எட்டு மாதமாக அண்ணன் அதற்காக நாயாய் அலைந்தவர்.

எனக்கோ உண்மை தெரியும். திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒருவர் துருப்பிடித்த ஜெனரேட்டர் ஒன்றுக்கு விலை சொன்னார். அண்ணன் "சரி" என்றார். முதல் விலைக்கே! முப்பத்தோரு வருடத்தில் நடக்காதது. விற்றவரே பயந்துபோய், உள்ளே தங்கம் கிங்கம் வைத்துவிட்டோமா என்று தன் சரக்கைத் திரும்பி வந்து பார்த்தார். அண்ணன் டீசல் பீப்பாய்மேல் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டு "கேஸ்" என்றார். அங்கிருந்து எண்ணினால் எழுபத்தோரு மணிநேரம்.

கூட்டாளி விலை பேசும்போது வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் கடைச் சட்டம். பதினாலு வயதில் ஒரு வாடிக்கையாளர் முன்னால், "அண்ணே, இதுலதானே புகை வருது?" என்று கேட்டுவைத்தேன். அண்ணன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. இப்போதும் அதே பார்வை, கட்டிலில் படுத்தபடி.

நர்ஸ் மருந்துப் பாட்டிலைத் தொங்கவிட்டார்.

"என்ன தம்பி, படுத்திருக்கிறது அவரு, உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?" என்றார் கட்டிலருகே உட்கார்ந்திருந்த அண்ணி.

"டாக்டர்" என்றேன், "எங்கண்ணன் மீட்டரைத் திருப்பிட்டாரு. திங்கக்கிழமையிலிருந்து ஓடுது. எழுபத்தோரு மணிநேரம்."

"டேய், யாவாரத்தைக் கெடுக்காதடா!"

"எழுபத்தோரு மணிநேரமா?" அண்ணி எழுந்துவிட்டார். "மூணு நாளா என் சமையலாலதான் நெஞ்சு எரியுதுன்னு என்னைத் திட்டினீங்களே!"

டாக்டர் உடனே பாட்டிலைக் கழற்றச் சொன்னார். தொண்டை வழியாகக் குழாய் விட்டு ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தின் ஓரப் பையில் பட்டாணி அளவு ஒரு ரத்தக்கட்டி, தேதி குறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. திரையில் அதைப் பார்த்தபோது அண்ணன் எதற்கும் விலை கேட்கவில்லை.

ரத்தம் உறையாமலிருக்க ஆறு வாரம், காலை ஒன்று, மாலை ஒன்று. நாடி வேகத்தை அடக்க இன்னொன்று.

"ஆறைப் பேசி நாலா முடிச்சுக்கலாமா?"

"இது பிக்சட் ரேட் கடை" என்றார் டாக்டர்.

வெள்ளிக்கிழமை அண்ணனைக் கட்டிலைவிட்டு இறங்க விடவில்லை; பன்னிரண்டு ஜெனரேட்டரும் எதிர்க்கடைக்காரனுக்குப் போயின. வேண்டுமென்றே எங்கள் வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு லாரியை ஓட்டிப் போனான். அண்ணன் என்னோடு பேச்சை நிறுத்தினார். ஒரே மேசை, எதிரெதிர் நாற்காலி. பேனா வேண்டுமென்றால் அண்ணிக்குப் போன் போடுவார், அண்ணி எனக்குப் போன் போடுவார். ஆனால் எண்பத்துநாலு மாத்திரையில் ஒன்றைக்கூட விடவில்லை. காசு கொடுத்து வாங்கிய சரக்கு.

ஆறு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன். கட்டி கரைந்திருந்தது. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. திரையில் கோடுகள் கிறுக்கிக்கொண்டே இருந்தன. ஒரு மணிநேரம், இரண்டு. திடீரென்று கோடு சற்றே படுத்தது. அண்ணி என் கையைப் பிடித்து நசுக்கினார். அடுத்த நொடி அளவெடுத்து வைத்ததுபோல ஒன்று, இன்னொன்று, இன்னொன்று.

அண்ணன் திரையை நம்பவில்லை. மீட்டரை அவர் என்றைக்கு நம்பினார்?

"டேய், ஸ்க்ரூடிரைவர் இருக்கா?"

ஆறு வாரத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு. எடுத்துக் கொடுத்தேன். நுனியைக் கர்சீப்பில் சுற்றித் தன் நெஞ்சில் வைத்து, பிடியை என் காதுப் பக்கம் நீட்டினார்.

"கேளு. எப்படி ஓடுது?"

கேட்டேன். "புகை இல்ல. சத்தம் சுத்தம்."

"என்ன பண்றீங்க அங்க?" டாக்டர் வாசலில் நின்றார்.

"செகண்ட் ஒப்பீனியன்" என்றார் அண்ணன்.

ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நிறுத்தக் கூடாது, இன்னும் நாலு வாரமாவது கட்டாயம், அதன்பின் பார்த்துச் சொல்கிறேன் என்றார் டாக்டர். "சரக்கு டெலிவரி ஆன பிறகும் வாடகையா?" என்று முனகிவிட்டு, அண்ணன் பில்லைப் புரட்டி அதன் பின்பக்கத்தில் என் பெயரில் ஒரு கணக்கு எழுதி நீட்டினார்.

தம்பியால் நஷ்டம்: ஜெனரேட்டர் 12.
தம்பியால் வரவு: அண்ணன் 1. பழசு, ஓடும் நிலையில்.
தம்பி தர வேண்டிய பாக்கி: ஜெனரேட்டர் 11.