யாரும் உட்காராத இருக்கை

சப்போரோவின் ஓதோரி ரயில் நிலையம் பூமிக்கு அடியில்தான் இருக்கிறது. ஆனால் மேலே கொட்டும் பனியை எல்லார் பூட்ஸும் கீழே கொண்டுவந்துவிடும். ஈரமான நடைமேடையில் மருமகள் நாகிசாவோடு வரிசையில் நின்றாள் சுமியே. எழுபத்திரண்டு வயதுக்கு முதுகை நன்றாகவே நிமிர்த்தியிருந்தாள். கிழவி என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு வீட்டில் ஒருத்தருக்கும் நிம்மதி இருக்காது.

நாகிசா கைக்குட்டைக்காகப் பையைத் துழாவினாள். கூடவே ஒரு சின்ன வில்லையும் வந்து வெளியே தொங்கியது. தாயும் சேயும் படம், கீழே 'வயிற்றில் குழந்தை இருக்கிறது' என்ற எழுத்து. கர்ப்பிணிகளுக்கு நிலையத்திலேயே சும்மா கொடுப்பார்கள், பைக்கு வெளியே மாட்டிக்கொள்வதற்கு. நாகிசாவோ சட்டென்று உள்ளே தள்ளி ஜிப்பை இழுத்துவிட்டாள்.

சுமியே அதைப் பார்த்துவிட்டாள். போன வருடம் நாகிசா உண்டான சேதி தெரிந்த மறுநாளே தெரு முழுக்கத் தமுக்கடித்தவள் சுமியேதான். மூன்றாம் மாதம் கரு கலைந்தபோது, விசாரித்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி மாய்ந்தவள் நாகிசா. பாழாய்ப்போன இந்த வாயை நம்பி மறுபடியும் எப்படிச் சொல்வாள்?

ரயில் வந்தது. உள்ளே மூச்சுவிட இடமில்லை. ஆனாலும் முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்குமான மூலை இருக்கைகள் வழக்கம்போலக் காலி. எத்தனை நெரிசலானாலும் இந்த ஊரில் மற்றவர்கள் அதில் உட்கார மாட்டார்கள். உட்கார்ந்தால் காரணத்தை ஊருக்கே சொன்ன மாதிரி. நாகிசா கம்பியைப் பிடித்தபடி நின்றாள். முகம் வெளிறிப்போய் உதட்டோரம் வியர்த்திருந்தது.

உட்காரடி என்று சொல்ல சுமியேவுக்கு நாக்கு துடித்தது. சொன்னால் வில்லையைப் பார்த்த குட்டு உடைந்துவிடும். தொப்பென்று தானே போய் உட்கார்ந்தாள்.

"அப்பாடா, காலு கடுக்குது."

"அத்தை, நீங்களா? இதுல உக்காரவே மாட்டீங்களே."

"வயசாயிடுச்சுடி. நீயும் பக்கத்துல உக்காரு. நான் தூங்கிச் சாஞ்சா யாரு பிடிக்கிறது?"

"எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டும். கிழவிக்குத் துணைக்கு வந்தவன்னு நெனச்சுப்பாங்க."

நாகிசா உட்கார்ந்தாள். அடுத்த நிலையத்திலா ஏற வேண்டும் அந்த மத்சுபரா? உடற்பயிற்சி வகுப்புத் தோழி, வாய்த்துடுக்குக்காரி. மூன்றாவது இருக்கையில் உட்கார்ந்துகொண்டு மெல்லக் கேட்டாள்.

"என்னங்க சுமியே, கடைசியில நீங்களும் எங்க கட்சிக்கு வந்துட்டீங்களா?"

"ஆமாங்க. கிழவியாயிட்டேன்," என்றாள் சுமியே. சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

இறங்கியதும் கூட்டம் கலையும்வரை நாகிசா நடைமேடையை விட்டு நகரவில்லை.

"பாத்துட்டீங்க, இல்ல?"

"என்னத்தை? நான்தான் தூங்கிட்டேனே."

நாகிசா சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. ஜிப்பைத் திறந்து வில்லையை எடுத்து மாமியாரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீங்களே வெளியில மாட்டி விடுங்க அத்தை."

சுமியே குனிந்து பையைப் பிடித்தாள். கொக்கி வழுக்கி வழுக்கிக் கடைசியில்தான் மாட்டியது.

"கிழவி கை. அப்படித்தான் இருக்கும்," என்றாள்.