நாணத்தால் சிவந்த கன்னங்கள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் கற்பனையில் உதிக்கவில்லை. 1957இல், இடுப்பு வலிக்காகத் திருக்கோகர்ணத்தில் ஒரு டாக்டர் வீட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஒட்டுக்கேட்டது. மற்றவர்கள் செய்தால்தான் அது ஒட்டுக்கேட்பது. எழுத்தாளன் செய்தால் வாழ்க்கையை அவதானிப்பது.

2

தொடக்கத்துக்குச் சில முயற்சிகள்:

"பொன்னமராவதிப் பக்கம் அந்த வருடம் மழை பொய்த்து..." (வேண்டாம். மழைக்கு இந்தக் கதையில் ஒரு வேலையும் இல்லை.)

"நோய் என்பது மனித குலத்தின்..." (இதை எழுதியவனை நானே அடிப்பேன்.)

"தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்த செங்கமலத்தின் கன்னங்கள் நாணத்தால் சிவந்திருந்தன."

இது நன்றாக இருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் இதற்குப் படமே போடுவார்கள். வைத்துக்கொள்கிறேன்.

3

செங்கமலம் துணைக்கு வந்தவள். நோயாளி அவள் அக்கா செவந்தி. ஆறு மாதமாகக் காய்ச்சல், மூட்டு வீக்கம், தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்கிறது. பழுதான சைக்கிளைக் கடையில் விட்டுப் போவதுபோல, 'சரிபண்ணி அனுப்புங்க' என்று புருஷன் வீட்டார் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்.

அப்பா ரத்தினவேலைக் கொடுமைக்காரராக எழுதத்தான் ஆசைப்பட்டேன். வசதியாக இருந்திருக்கும். ஆனால் மனிதர் மகளைப் பஸ்ஸிலிருந்து தூக்கிக்கொண்டே வந்தார். கண் கலங்கியிருந்தது. வில்லன் போயிற்று.

"சின்னவளை என் தங்கச்சி சொர்ணத்து மகனுக்குத்தான் கொடுக்குறேன்," என்றார் என்னிடம். "ரத்தம் ரத்தத்தோட சேரணும்ல. சொர்ணந்தான் இருந்து பாக்கக் கொடுத்து வைக்கல."

"அவங்களுக்கு என்ன ஆச்சுங்க?"

"மூட்டு வீங்கி, முடி கொட்டி, மூஞ்சியெல்லாம் செவந்து, போய்ச் சேந்துருச்சு. அது புருஷன் வீட்டுல ஐயனாருக்கு மண்குதிரை, புரவி எடுக்குறதா நேந்துக்கிட்டு எடுக்கல. இன்னொரு தங்கச்சி காத்தாயியும் இதே மாதிரிதான் போச்சு. அது அவுக வீட்டுல பாம்புப் புத்தை இடிச்ச குத்தம்."*

* வேறு வேறு ஊர்ச் சாமிகள், ஒன்றுக்கொன்று அறிமுகம்கூட இல்லை. இருந்தும் ஒரே தண்டனையைக் கொடுத்திருக்கின்றன. அந்த ஒற்றுமையைப் பாராட்ட வேண்டும்.

4

பெற்றவர்களும் செவந்தியும் உள்ளே போனார்கள். கதவுக்குப் பதிலாகப் பச்சைத் துணி தொங்கியது. என்னைப் போன்ற கலைஞனுக்கு அது போதும்.

"கன்னம் ரெண்டும் மூக்குத் தண்டும் சேந்து செவந்திருக்கு. வெயில் பட்டா கூடுதா?" டாக்டரின் குரல்.

"ஆமாங்க," என்றாள் செவந்தி.

"உடம்பைக் காக்குற சக்தியே உடம்பைத் தாக்குற நோய் ஒண்ணு இருக்கு. அதுன்னா ஒடனே மெட்ராசுக்கு அனுப்பணும், விட்டா கிட்னி போயிரும். சாதாரண வாதக்காய்ச்சலாவும் இருக்கலாம். அந்த நோய் சில குடும்பத்துல திரும்பத் திரும்ப வருது, ஏன்னு எங்களுக்கே இன்னும் சரியாத் தெரியல. யோசிச்சுச் சொல்லுங்க. ஒங்க குடும்பத்துல யாருக்காச்சும் இப்படி இருந்துச்சா?"

"யாருக்கும் இல்லீங்க. பங்காளிக வீட்டுல ஒருத்தருக்கும் இல்ல. அண்ணன் தம்பி அத்தனை பேரும் கல்லாட்டம் இருக்கோம்," என்றார் ரத்தினவேல்.

அவர் பொய் சொல்லவில்லை. என் எரிச்சலே அதுதான். கட்டிக் கொடுத்த பெண் வேறு குடும்பம், அவளுக்கு வந்தது வேறு வீட்டு நோய். தாலி ஏறியதும் சாமி மாறுகிறது, சொத்தில் பங்கு போகிறது, தீட்டுகூடக் குறைகிறது. ரத்தத்தை மாற்ற மட்டும் ஒரு சடங்கு வைக்க முன்னோர்கள் மறந்துவிட்டார்கள். சம்பந்தம் பேசும்போது சொர்ணம் நம்ம ரத்தம், டாக்டர் கேட்டால் அசலூர்க்காரி.

அம்மா மருதாயி மெல்ல ஆரம்பித்தாள். "சொர்ணத்துக்கும் மொதல்ல இப்படித்தானே..."

"அது கட்டிக் கொடுத்த பிள்ளை. அதை எதுக்கு இங்கிட்டு இழுக்குற?"

5

முடிவு அ: மருதாயி அந்த வாக்கியத்தை முடிக்கிறாள். செவந்தி மெட்ராஸ் போகிறாள். பெண் வீட்டு ரத்தமே சரியில்லை என்று புருஷன் வீடு அவளைத் தலைமுழுகுகிறது. செங்கமலத்தின் கல்யாணமும் நிற்கிறது.

முடிவு ஆ: மருதாயி முடிக்கவில்லை. வாதக்காய்ச்சலுக்கு மருந்து. தை மாதம் மேளம். அதற்குள் செவந்தி... (என்னால் எழுத முடியவில்லை.)

முடிவு இ: எழுத்தாளர் துணியை விலக்கிக்கொண்டு பாய்ந்து, உண்மையை முழங்குகிறார். (இடுப்பு வலிக்காரன். எழுந்து நிற்கவே ஆள் வேண்டும்.)

6

மூன்றையும் வைத்துக்கொண்டு திணறும்போதுதான் பெஞ்சின் மறுமுனையில் இருந்த செங்கமலத்தைச் சரியாகப் பார்த்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி வெயிலில் நடந்து வந்தவள், விரல் முட்டிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்து விட்டுக்கொண்டிருந்தாள். கன்னங்கள் சிவந்திருந்தன என்று எழுதினேன் அல்லவா? மூக்குத் தண்டும் சிவந்திருந்தது.

மூக்குக்கு நாணம் வருமா? வெறும் வெயிலாகவும் இருக்கலாம். எனக்குப் பயமாக இருக்கிறது.

இரண்டாம் பகுதியில் என் நல்ல வாக்கியம் அப்படியே இருக்கிறது. அதை அடித்தால் கல்யாணம் நிற்கும். விட்டுவைத்தால் மேளம் கொட்டும். பேனாவை உங்களிடம் கொடுத்து, என் இடத்தில் உங்களை உட்கார்த்திவிட்டு நான் கிளம்புகிறேன். (எழுந்திருக்க இப்போது மட்டும் ஆள் தேவைப்படவில்லை.)

செங்கமலம் உங்கள் பக்கம் திரும்புகிறாள்.

"உள்ள எங்க அக்காவுக்கு என்னன்னு சொல்றாக? ஒங்களுக்குக் கேட்டுச்சாங்க?"