இரண்டாவது மருந்து

ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கின் பொறுப்பாளருக்குக் கத்தரி என்று பட்டப்பெயர். வார்டுகள் அனுப்பும் வருடாந்திரப் பட்டியலில் ஒரே நோய்க்கு இரண்டு மருந்து இருந்துவிட்டால் போதும், சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவார். ஒன்றை அடித்து, ஓரத்தில் ‘ஒண்ணு போதும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். டாக்டர்கள் சண்டைக்கு வந்தாலும் மசிய மாட்டார். தன் கறாரில் அந்த மனிதருக்கு அப்படியொரு பெருமை. வலிப்பது ஊரார் தலையாக இருந்தால் யாருக்குத்தான் பெருமை வராது? மாலையில் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்.

அவர் தம்பி பஸ் ஓட்டுகிறவன். மூன்று வாரமாகத் தலைவலி என்று துடித்தவனை அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்த்ததில், மூளையைச் சுற்றிப் பூஞ்சை பிடித்திருந்தது. பூஞ்சை ரொட்டியில்தான் பிடிக்கும் என்று அதுவரை நினைத்திருந்தார் அண்ணன். நரம்பில் ஏற்றும் மருந்தோடு மாத்திரையும் சேர்ந்தால்தான் பூஞ்சை சீக்கிரம் ஒழியும், ஒன்றை மட்டும் நம்பினால் பிழைப்பது சந்தேகம் என்றார் டாக்டரம்மா.

அந்த மாத்திரை கிடங்கில் இல்லை. வெளிக்கடைகளிலும் இல்லை. காலில் விழாத குறையாகக் கெஞ்சி அண்ணனே அவசர ஆர்டர் போட்டார். வந்து சேரப் பத்து நாள் ஆகுமாம். மாமா இங்கேயே வேலை பார்க்கும்போது எனக்கென்ன பயம் என்று தம்பி மனைவி பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அது காதில் விழுந்ததும் அவர் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஏழாம் நாள் தம்பிக்கு நினைவு தப்பியது. மாத்திரை ஏன் இல்லை என்று அவள் டாக்டரம்மாவைப் பிடித்து உலுக்கினாள். நாங்கள் கேட்காமல் இல்லையம்மா என்று டாக்டரம்மா போன வருடப் பட்டியலை எடுத்துக் காட்டினார். மாத்திரையின் பெயர் மேல் சிவப்புக் கோடு, ஓரத்தில் அந்த இரண்டு வார்த்தை, கீழே ஒரு கையெழுத்து. அவளுடைய கல்யாணப் பதிவில் சாட்சிக்குப் போட்ட அதே கையெழுத்து.

“இது நீங்க போட்டதுதானே, மாமா?”

பின்னால் நின்றிருந்த அண்ணன் தலையாட்டினார். அவள் அதற்குப் பிறகு அவரிடம் பேசவில்லை.

ஒன்பதாம் நாள் தம்பி போய்விட்டான். மாத்திரைப் பெட்டி இன்னும் வந்து சேரவில்லை.

உடலை வாங்கிக்கொள்ளும் தாளில் உறவினர் கையெழுத்துக்கு இரண்டு இடம் இருந்தது. அவள் முதலாவதில் போட்டாள். அண்ணனும் போடலாம் என்றார் குமாஸ்தா. அவர் சட்டைப்பையைத் துழாவினார். கையில் வந்தது சிவப்புப் பேனா.

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“ஒண்ணு போதும், மாமா.”