கதவோர வரிசை

1

இந்தக் கதை எனக்குத் தேனி பஸ்ஸில் கிடைத்தது. நர்ஸிங் ஆசிரியை நாகஜோதி பக்கத்துச் சீட்டிலிருந்து கோபமாகச் சொன்னது. ‘மருத்துவம், நர்ஸிங், சமூகப்பணி மாணவர்கள் ஒன்றுகூடிய அந்த இனிய காலையில்—’ என்று தொடங்கி, அடித்துவிட்டேன். இனிமை ஒன்றுமில்லை.

2

மறுபடி. மூன்று படிப்பு மாணவர்களும் சேர்ந்து ஒரே நோயாளியைக் கவனித்துக் கற்க வேண்டும் என்று ஒரு வருஷம் அலைந்து அனுமதி வாங்கினார் நாகஜோதி. நோயாளி, தேவாரம் சங்கிலியம்மாள். ஏலக்காய்த் தோட்டக் கூலி, சர்க்கரைக்கு இன்சுலின் ஊசி. மாணவர்கள் எல்லாரும் ஒரே வண்டியில் போய் அவரை வீட்டில் பார்த்து வந்தார்கள்.

முதல் கூட்டத்தில் மருத்துவ மாணவர்கள் முன்வரிசை, நர்ஸிங் பின்னால், சமூகப்பணி கதவோரம். யாரும் சொல்லாமலே அப்படி உட்கார்ந்தார்கள். கதவோரத்திலிருந்து ஷீபா எழுந்தாள்.

“சார், அந்தம்மா விடியக்காலம் ஊசி போட்டுட்டு ஜீப் ஏறிருறாக. பத்து மணிக்குத்தான் சாப்பாடு.”

“கேஸைப் பத்தி மட்டும் பேசலாம்மா,” என்றார் வகுப்பை நடத்திய மருத்துவப் பேராசிரியர்.

மருத்துவ மாணவன் அஜய்குமார் கூடியிருந்த ரத்தச் சர்க்கரை அளவுகளை வாசித்தான். பேராசிரியர் ஊசி மருந்தைக் கூட்டினார்.

(இவருக்கு ஒரு நல்ல குணமாவது கொடுக்க வேண்டாமா? நன்றாகப் பாடம் எடுப்பாராம். எழுதியாயிற்று.)

நாகஜோதியும் அங்கேதான் இருந்தார். முதல் நாளே சண்டை எதற்கு என்று வாயை மூடிக்கொண்டார். இதை விட்டுவிடச் சொன்னவர், பஸ்ஸைவிட்டு இறங்கும்போது, “இல்ல, எழுதுங்க,” என்றார்.

3

நான்காம் நாள் மலையேறும் ஜீப்பில் சங்கிலியம்மாள் சர்க்கரை தாழ்ந்து நினைவிழந்து சாய்ந்தார். பிழைத்தது டிரைவர் வண்டியை ஆஸ்பத்திரிக்குத் திருப்பியதால். நாகஜோதியின் கையெழுத்துக்கு வந்த அறிக்கையில் ‘நோயாளி அறிவுரையைப் பின்பற்றவில்லை’ என்றிருந்தது.

நாகஜோதி அதை மடித்துக்கொண்டு, அஜய்குமாரையும் ஷீபாவையும் கட்டிலருகே கூட்டிப் போனார்.

“சாப்பிடாம ஊசி போடுறத ஏம்மா சொல்லல?” என்றான் அஜய்குமார்.

“இந்தப் பிள்ளகிட்டச் சொன்னேனே தம்பி. எல்லாரும் ஒரே வண்டியில வந்து இறங்குனீக. ஒருத்தருகிட்டச் சொன்னா அம்புட்டுப் பேருக்கும் தெரியும்னு நெனச்சேன்.”

நாகஜோதி அங்கேயே அந்த வரியை அடித்து, ‘நோயாளி சொன்னார். நாங்கள் கேட்கவில்லை, நானும்தான்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். மறுவாரம் கூட்டு வகுப்பையே ரத்து செய்தார்கள்.

4

முடிவு (அ): பேராசிரியர் மன்னிப்புக் கேட்டார். [பொய். அடித்தாயிற்று.]

முடிவு (ஆ): மாணவர்கள் தாங்களாகவே சேர்ந்து உட்கார்ந்து— [பார்த்தவர் யாருமில்லை.]

இதற்குமேல் நான் ஒரு வரி எழுதினாலும் யாரையோ மன்னித்ததாகிவிடும். வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அதற்குச் சங்கிலியம்மாளிடம் போய்க் கேட்க வேண்டியிருக்கும்.